கிருஷ்ணராஜுக்காக நான் சொன்ன பதில்

லுணுகலை
பெப்ரவரி 22, ஞாயிறு

அன்புள்ள மகள் நிஷாலினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையில் நானும் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜப்பான் குளிரில் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா காலையும் மாலையும் ஜெபிக்கிறாள், நான் ஜெபிக்கிறேனா என்பதைப் பின்னால் எழுதுகிறேன். நவம்பர் மழையில் பசறை ரோட்டில் மண் இறங்கிய இடத்தில் இன்னும் ஒற்றை வழியாகத்தான் பஸ் போகிறது, பதுளைக்குப் போய்வர ஒரு நாள் முழுசாகப் போய்விடுகிறது. அஜந்தன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான், இன்னும் இரண்டு பாடம் பாக்கி, கணக்கு எப்படி என்று கேட்டால் "பரவால்லப்பா" என்கிறான், பரவாயில்லை என்றால் எத்தனை மார்க் என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய பிளாஸ்டரை இரண்டு காலிலும் ஒட்டிக்கொண்டு லயத்து வீட்டு வரிசை முழுக்க நடந்து காட்டிவிட்டாள், இப்போது பாதி லயம் உன்னிடம் பிளாஸ்டர் கேட்கிறது. தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் நாலாம் நம்பர் மோட்டார் எரிந்துபோய், கொயில் கட்ட பண்டாரவளைக்கு அனுப்பியிருக்கிறோம். செய்தி இவ்வளவுதான்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் அழுவாய், நீ அழுதால் நான் பாதியை விழுங்கிவிட்டு வேறு பேச்சுக்குப் போவேன், அப்படி மூன்று தடவை போயிருக்கிறேன். அதனால்தான் கடிதம். பண்டாரவளை ஜெனீரா மூன்றாந்தேதி உங்கள் ஊருக்கு வருகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "அந்தப் புள்ள தனியா கெடக்கு, அந்த முதியோர் இல்லத்துல கெழவிமாரத் தூக்கி ஒக்கார வச்சி இடுப்பு ஒடிஞ்சி வந்து படுக்குது, அதுகிட்ட போயி இத எழுதணுமா" என்று இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மார்ச் கடைசி ஞாயிறு நீ அங்கே தமிழ் ஆராதனையில் எழுந்து நின்று கிருஷ்ணராஜ் மாமாவைப் பற்றிச் சாட்சி சொல்லப் போவதாக வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். அதை நான் ஐந்தாறு தரம் கேட்டேன். தேவன் ஒருவரை உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே தம்முடையவராகத் தெரிந்துகொண்டால் அவர் எவ்வளவு இழுத்தடித்தாலும் கடைசியில் வந்தே தீருவார், எங்கள் மாமாவைப் பாருங்கள், ஒன்றரை வருசம் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர் சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஞானஸ்நானத்துக்குத் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார், அந்தப் பக்கத்தின் படம் என் போனில் இருக்கிறது, எனக்கு இங்கே எப்போதெல்லாம் மனசு விட்டுப்போகிறதோ அப்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்கிறாய்.

அவன் பெயர் கொடுக்கவில்லை மகள். அந்தப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.

சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது, அது உனக்கும் தெரியும். பதுளையில் எலக்ட்ரிக்கல் கோர்ஸ் முடிப்பதற்குள் உனக்கு அப்பாவாகி, இருபது வயசில் இந்தப் பெக்டரிக்குள் ஸ்பேனரோடு நுழைந்தவன், இன்று நாற்பதாகியும் ஒரு விசயத்தை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும், பியூஸ் போனால் மெயினிலிருந்து தொடங்குகிற மாதிரி. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். கிருஷ்ணராஜ் கொழுந்து உருட்டுகிற ரோலர் ரூமில் நின்றான், நான் எலக்ட்ரீசியன். பத்தொன்பது வருசம் ஒரே கூரை. காலையில் பெக்டரி வாசலில் கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்கிற பெரட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். பெயர் வாசிக்கும்போது ஆள் அங்கே இல்லையென்றால் அன்று அரைநாள் சம்பளம் போய்விடும். பைப்பில் தண்ணீர் வரவில்லை, புள்ளைக்குக் காய்ச்சல் என்று அவன் பிந்துகிற நாளில் "கிருஷ்ணராஜ்" என்று வாசித்தால் நான் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி "வந்தாச்சிங்க" என்பேன். நான் பிந்தினால் அவன் எனக்குச் சொல்வான், அவன் என் குரலைச் செய்து காட்டினால் வாசலே சிரிக்கும், மூக்கால் பேசுவதுபோல் சொல்வான். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். இந்தத் தோட்டத்தில் சிநேகிதன் என்றால் இதுதான், உன் இடத்தில் பதில் சொல்ல ஒருத்தன் இருக்கிறான். போன வருசம் பெப்ரவரியில் விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது, அதைச் சுவரில் பொருத்தியதே நான்தான். இனி யாரும் யாருக்காகவும் பதில் சொல்ல ஏலாது.

அவன் சபைக்கு வரத் தொடங்கியது என்னால் இல்லை. அவனாகத்தான் வந்தான், நீ ஜப்பானுக்குப் போன அடுத்த மாதம். ஏன் என்று கேட்டதற்கு "சும்மாதான்டா, ஒக்காந்து பாக்குறேன்" என்றான். கடைசிப் பெஞ்சியில் சுவரோரம் உட்காருவான், பாட்டுக்கு வாய் அசைக்கமாட்டான், பிரசங்கத்தை மட்டும் கண் கொட்டாமல் கேட்பான். வெளியே வந்ததும் என்னைக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவான். ஒருநாள் பாஸ்டர் தேவதாசன் ஐயாவிடமே கேட்டான், "எல்லாம் முன்னாடியே முடிவாகிப் போச்சின்னு சொல்றீங்க, அப்ப எதுக்குங்க ஐயா என்கிட்ட வந்து கேக்குறீங்க" என்று. ஐயா முக்கால் மணித்தியாலம் விளக்கினார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்களுக்கும் சரியாத் தெரியல போல இருக்குங்க, பரவால்ல, வந்துக்கிட்டு இருக்கேன்" என்றான். ஐயா சிரித்துவிட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது. நானும் என் பங்குக்கு விளக்கியிருக்கிறேன், கரண்டு மேலேயிருந்து தன்பாட்டில் வருகிறது, அது ஆண்டவருடைய வேலை, சுவிச்சைத் தட்டுவது உன் வேலை என்று. அதற்கு அவன் சொன்னது, "ஒன் வீட்டுக்கு வயர் இழுத்திருக்கானான்னு தெரியாம சுவிச்ச தட்டி என்னாடா செய்ய". எந்த மோட்டாரானாலும் கோளாறு எங்கே என்று பத்து நிமிசத்தில் சொல்லிவிடுகிறவன் நான். ஒரு மனுசன் ஒன்றரை வருசமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. நீயும் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து முதல் கேள்வியாக "மாமா எப்பப்பா ஞானஸ்நானம் எடுப்பாரு" என்று கேட்பாய். உன்மேல் பழி போடவில்லை. நீ கேட்டாய், எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போன வருசம் ஜனவரியில் ஐயா ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் பெயர் எழுதுங்கள் என்று ஒரு கொப்பியைப் பெஞ்சி பெஞ்சியாக அனுப்பினார். அன்று கிருஷ்ணராஜுக்கு ஞாயிறு வேலை, வரவில்லை. கொப்பி என் கைக்கு வந்தது. நான் யோசிக்கவே இல்லை மகள், அதுதான் உண்மை, ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை, பிந்தி வருகிறவனுக்கு எப்போதும் செய்கிறதைச் செய்தேன். அவன் பெயரை எழுதினேன், படம் எடுத்தேன், உனக்கு அனுப்பினேன். நீ அழுதுகொண்டே போன் எடுத்தாய். அடுத்த ஞாயிறு ஐயா பெயர்களை வாசித்தார், பெயர் கேட்டவர்கள் எழுந்து "ஆமாங்க" என்று சொல்ல வேண்டும். கிருஷ்ணராஜ் என் பக்கத்தில்தான் இருந்தான், அவனிடம் நான் முன்கூட்டியே எதையும் சொல்லியிருக்கவில்லை, பெயரைக் கேட்டால் எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். "பிரதர் கிருஷ்ணராஜ்" என்றார். அவன் எழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் முழங்கையால் இடித்தேன். ஐயா இன்னொரு தரம் வாசித்தார். முன்னால் தலைகள் திரும்பத் தொடங்கின. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தடித்த குரலில் "ஆமாங்க ஐயா" என்றேன். கடைசிப் பெஞ்சியில் யார் சொன்னது என்று யாருக்குத் தெரியும். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், கை தட்டினார்கள். அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது குறுக்குப் பாதையில் வைத்து, "பெரட்டுன்னு நெனச்சியாடா" என்றான். நான் ஏதோ சமாளித்தேன், எப்படியும் சொல்லத்தானே போகிறாய், இரண்டு வாரம் முன்னால் சொன்னால் என்ன என்று. "அங்க நீ சொன்னா எனக்கு அரைநாள் சம்பளம் மிஞ்சும், இங்க நீ சொன்னா எனக்கு என்னா மிஞ்சும்" என்று கேட்டான். கத்தவில்லை. "எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்திச்சி, கூப்புட்டா நானே வாயத் தொறந்து சொல்லணும்னு, அதையும் நீ எடுத்துக்கிட்டியேடா" என்றான். அந்தப் பெயரை வெட்டிவிடு என்று சொன்னான். சரி என்றேன். அதற்குப் பிறகு அவன் சபைக்கு வரவில்லை. ஐயாவிடம் வெள்ளிக்கிழமைகளில் வேலை, ஞாயிறுகளில் வேலை என்று நானே காரணமும் சொன்னேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். ஞானஸ்நானம் ஆற்றில் தண்ணீர் கூடியதால் இரண்டு தரம் தள்ளிப்போனது எனக்கு வசதியாகப் போயிற்று. கொப்பியில் பெயரை வெட்டவில்லை. வெட்டினால் ஏன் என்று ஐயா கேட்பார், கேட்டால் நான் செய்தது வெளியே வரும். அவனும் நானும் எப்போதும்போல் பெக்டரியில் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தோம், பேசினோம், சிரித்தோம், இந்த ஒன்றைத் தவிர எல்லாம் பேசினோம்.

மார்ச் பதினோராந்தேதி ஐந்தாம் நம்பர் மலைக்கு மேலே தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுக்கப் போனவனைக் குளவி மொய்த்துவிட்டது, அது உனக்குத் தெரியும். நாற்பதுக்கு மேல் கொட்டு. லுணுகலையில் ஊசி போட்டு பதுளைக்கு அம்புலன்ஸில் ஏற்றினார்கள், நான் கூட ஏறினேன். பத்து மாதம் நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது இனிமேல்தான் வருகிறது. பசறை தாண்டி வளைவில் இறங்கும்போது அவன் முகமூடியை விலக்கினான். முகம் வீங்கிக் கண் இரண்டும் கோடாக இருந்தது, நாக்கும் தடித்துவிட்டது, ஆனால் சொன்னது தெளிவாகக் கேட்டது. "டேய், அந்தக் கொப்பியில எம்பேர வெட்டிட்டியா" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வெட்டிட்டேன் மச்சான், அன்னைக்கே வெட்டிட்டேன், நீ ஒண்ணும் யோசிக்காத" என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்துவிட்டது.

அவன் எதற்காகக் கேட்டான். ஒரு வருசமாக இந்த ஒரு கேள்விதான் என்னோடு நடக்கிறது, சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் உட்காருகிறது. வெட்டியாகிவிட்டது என்று கேட்டு நிம்மதியாகத் திரும்பிக்கொண்டானா, தன்னை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, தான் தானாகவே போகிறோம் என்று. இல்லையென்றால் அந்தப் பெயர் அங்கே இருக்கட்டும், நானே இப்போது சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தானா, நான் வெட்டிவிட்டேன் என்றதும் இனி என்ன என்று மூடிக்கொண்டானா. நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆனால் ரோலர் ஓடும்போது அந்தச் சத்தத்துக்குள் அந்தக் கேள்வி கேட்கிறது, நிறுத்தினாலும் கேட்கிறது. விரல் மெஷினில் அவன் விரல் இன்னும் பதிவில் இருக்கிறது, அழிக்க வேண்டியவன் நான், அழிக்கவில்லை. மாதக் கடைசியில் பட்டியல் எடுத்தால் அவன் பெயருக்கு நேரே முப்பது நாளும் வரவில்லை, வரவில்லை என்று அச்சாகி வருகிறது. புதுக் கணக்கப்பிள்ளை, "இந்த ஆள் யாரு ஷெல்டன், ஒருநாள்கூட வேலைக்கு வர்றதில்ல" என்று கேட்டார். பிறகு பார்க்கிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஐயா வந்து என் தோளைத் தொட்டு, "நம்ம சபை ஆள்தானே, பேர் குடுத்தவர்தானே" என்று கேட்டபோது நான் தலையாட்டினேன். அவனுக்காக நான் சொன்ன இரண்டாவது பதில் அது. மறுநாள் பிணம் லயத்துக்கு வந்து, அவர்கள் முறைப்படி எல்லாம் ஆயத்தமாகி, கொழும்பில் கடையில் நிற்கிற அவன் மகன் மொட்டை போடத் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐயா பாட்டுக்காரர்களோடு வந்து நிற்கிறார். தலைமாட்டில் இருந்த அவன் பெண்சாதி, உன் லோகேஸ்வரி அத்தை, எழுந்து என்னிடம் வந்தாள். "அண்ணே, அவரே குடுத்தாரா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் ஆமாம் தங்கச்சி என்றேன். "அவர் விருப்பம்னா சரி" என்று மகனைப் போய் எழுப்பினாள். ஈரத்தலையோடு அவன் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். சபைக் காணியில்தான் புதைத்தோம், சிலுவை நட்டோம், பதினாறாம் நாள் கருமாதியும் நடக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு தரம், செத்த பிறகு இரண்டு தரம், மூன்று தரம் அவனுக்காக நான் பதில் சொன்னேன்.

போன மாதம் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனுசர், திட்டவில்லை. ஆண்டவர் தெரிந்துகொண்ட ஒருவனை ஷெல்டனுடைய பொய் தடுத்து நிறுத்த முடியாது, அந்த முகம் திரும்பிய பக்கத்தில் யார் நின்றார் என்று நமக்கு என்ன தெரியும், மனசை ஆற்றிக்கொள் என்றார். ஆறுதலாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து சேரும்வரை. பிறகு யோசித்தேன். எல்லாம் அவர் முடிவுதான், நான் சொன்னதில் ஒன்றும் ஆகிவிடவில்லை என்றால், நான் செய்ததும் ஒன்றுமில்லை என்றாகிவிடும். அது ஒன்றுமில்லாதது இல்லை, அவன் என்னிடமே சொன்னான், எனக்கென்று ஒன்று இருந்தது என்று. சரி, எல்லாம் அவன் பதிலில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவனுடைய என்றென்றைக்கும் உள்ள காரியம் ஓர் அம்புலன்ஸில் என் வாயிலிருந்து வந்த ஒரு பொய்யில் தொங்கியிருக்கிறது. அப்படி ஒரு மனுசனை என் வாயில் விட்டுவைக்கிற தேவனை என்னால் கும்பிட முடியாது. இரண்டு மீட்டர் வைத்து அளக்கிறேன், இரண்டும் வேறு வேறு அளவு காட்டுகிறது, இரண்டிலும் பழுதில்லை. என் தொழிலில் அப்படி நடந்தால் ஏதோ ஒரு கனெக்சன் என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். நான் வரைந்த படத்தில் அது இல்லை, அவ்வளவு மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது. அன்று நான் புறப்படும் முன்னால் ஐயா அந்தக் கொப்பியை எடுத்து முன்னால் வைத்து, பேனாவையும் கொடுத்து, உனக்கு எது சரியோ செய் என்றார். வெட்டினால் அவனிடம் சொன்ன பொய் இப்போது உண்மையாகும், வெட்டாமல் விட்டால் முதலில் செய்த களவு அப்படியே இருக்கும். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெயர் இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஜெபிக்கிறேனா என்று எழுதுவதாகச் சொன்னேன். முழங்கால் போடுகிறேன். வாயைத் திறந்தால் அந்தத் தடித்த குரல் வருகிறது, என்னுடையது எது அவனுக்காகப் போட்டது எது என்று தெரியவில்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அம்மா இதை ஜெபம் என்கிறாள். இருக்கலாம்.

நேற்று மாலை லோகேஸ்வரி அத்தையிடம் சொன்னேன். கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, குழாயடியில் காலில் ஒட்டிய அட்டையைச் சாம்பல் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே முழுவதையும் சொன்னேன், கொப்பியிலிருந்து அம்புலன்ஸ் வரை, ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் அட்டையை எடுத்து முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு, "வெட்டாம ஏன்ணே வெட்டிட்டேன்னு சொன்னீங்க" என்றாள். சமாதானப்படுத்தத்தான் என்றேன். "யார" என்று கேட்டாள்.  பதிலுக்குக் காத்திருக்கவில்லை, காலைக் கழுவினாள், வாளியை நிரப்பினாள். வருகிற மார்ச் பதினோராந்தேதி வருசத் தெவசம் கொடுக்கப் போகிறாளாம். "மகன் வர்றான், அன்னைக்கு எழுப்பிவிட்ட எடத்துலயே திரும்ப ஒக்காருவான், தலைய நனைச்சிக்கிட்டு" என்றாள். அந்தச் சிலுவையை நானே போய்ப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டேன். "அது இருந்துட்டுப் போகட்டும், அது அவருக்கும் ஒங்க சாமிக்கும் உள்ள பேச்சு, நம்ம ரெண்டு பேரும் அதுல இல்ல" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, "நீங்களும் வரணும், அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க, வந்து வாயத் தொறக்காம நிக்கணும்" என்றாள். வருகிறேன் என்று சொல்ல வந்தேன், தலையை மட்டும் ஆட்டினேன். ஐயாவிடம் இன்று காலை கேட்டேன், தெவசத்தில் போய் நிற்கலாமா என்று. போ என்றார்.

இனி உன் விசயம். அந்தச் சாட்சியைச் சொல்லாதே என்று கட்டளை போட இதை எழுதவில்லை. நீ என் போட்டோவை நம்பினாய், அதன்மேல் ஒன்றைக் கட்டிவிட்டாய், அஸ்திவாரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீ எழுந்து நிற்கக் கூடாது, அதற்காகத்தான். மாமா கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிப் பேசியதுதான் நான் செய்த பிழை. ஆண்டவர் உன்னைத் தெரிந்துகொண்டாரா என்றும் என்னைக் கேட்காதே, போன தடவை மனசு விட்டுப்போய் அப்படித்தான் கேட்டாய், நான் ஆமாம் ஆமாம் என்றேன். அதுவும் நான் சொல்லக்கூடிய பதில் இல்லை. அவரிடமே கேள். அந்த ஞாயிறு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ என்ன சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதோ அதைச் சொல், ஒன்றுமே வரவில்லையென்றால் ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார். உன் மாமா அன்று வராத பதிலைச் சொல்லாமல் உட்கார்ந்தே இருந்தார், அந்தப் பெஞ்சியில் அன்று நேர்மையாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

கோபம் வந்தால் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, சாப்பாட்டை மட்டும் விடாதே, ஹீட்டரை மல்டிபிளக்கில் போட்டுவிட்டுத் தூங்காதே, நேராகச் சுவர் பிளக்கில் போடு. பதினோராந்தேதி லோகேஸ்வரி அத்தைக்குப் போன் எடு, இந்தத் தடவை நான் எடுத்துப் பேசிவிட்டு உன்னிடம் தரமாட்டேன், நீயே எடு, என்ன பேசுவதென்று நீயே பார்த்துக்கொள். நம்மைப் படைத்தவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நான் காக்கத் தெரியாமல் காத்ததையும் அவரே சரிசெய்யட்டும். அம்மாவின் முத்தங்கள், தம்பியின் அன்பு.

உன் பதில் எப்போது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று இருக்கிற,

உன் அப்பா
ஷெல்டன்